கம்ரி என்று எழுதிக் காட்டியவர்

நேயர்களுக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் செவிலியர் படிப்பை முடித்துவிட்டு 2002-ல் பிரிட்டனுக்கு வேலைக்குப் போனவள் நான். புறப்படும்போது தெருவில் எல்லாரும் "லண்டனுக்குப் போறா" என்றுதான் சொன்னார்கள். நான் போய்ச் சேர்ந்த இடம் லண்டனிலிருந்து 300 கிலோமீட்டர் மேற்கே, வேல்ஸ் நாட்டில், சுவான்சி நகருக்கு வடக்கே இருக்கும் ஒரு பழைய நிலக்கரிப் பள்ளத்தாக்கு. அங்கே இருபது ஆண்டுகள் வார்டில் வேலை பார்த்தேன். இன்று பேச அழைத்தவர்கள் மருத்துவம் பற்றிப் பேசலாமே என்றார்கள். வேறொன்றைப் பேசுகிறேன் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். அந்தத் தீவில் இருப்பவர்கள் தங்களை யார் என்று சொல்லிக்கொள்கிறார்கள் என்பதே அது.

வேலையில் சேர்ந்து மூன்றாவது வாரம் இருக்கும். ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவர் மூச்சுத்திணறலோடு வந்து சேர்ந்திருந்தார். கைவிரல் மூட்டுகளில் நீல நீலமாகத் தழும்புகள். காயத்துக்குள் கரித்தூள் புகுந்து அப்படியே ஆறிவிட்டால் தோல் நீலம் பாரித்துப்போகும். அந்தப் பள்ளத்தாக்கில் கையைப் பார்த்தே சுரங்கத்தில் இறங்கியவர் யார் என்று சொல்லிவிடலாம். காலை டீயைக் கொடுத்துவிட்டு, பேச்சுக் கொடுக்கும் ஆசையில், "இங்கிலீஷ்காரர்களுக்கு டீ இல்லாமல் பொழுது விடியாதுபோல" என்றேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். என் பேனாவைக் கேட்டு வாங்கினார். மறுநாள் சாப்பாட்டுக்குக் குறியிடும் அட்டையைத் திருப்பிப் போட்டு ஒரு சொல்லை எழுதினார். நான் "சிம்ரு" என்று வாசித்தேன். "கம்ரி" என்று திருத்தினார். "இதுதான் என் நாடு. நான் இங்கிலீஷ் இல்லை, கரியாத்."

கரியாத் என்றால் அன்பே என்று பொருள். நம் பக்கம் பெரியவர்கள் முன்பின் தெரியாத பெண்ணைக்கூடத் 'தாயி' என்பார்களே, அந்தத் தொனி. கோபத்திலும் அந்தச் சொல்லை அவர் விடவில்லை என்பதால்தான் எனக்கு அன்று அழுகை வந்தது.

கம்ரி என்ற சொல்லுக்கு வேர் 'ஒரே நாட்டவர்'. வேல்ஸ், வேல்ஷ் என்பவை பின்னால் வந்த ஆங்கிலோ-சாக்சன்கள் வைத்த பெயர்கள். அவர்கள் மொழியில் அதற்கு 'அந்நியர்' என்று பொருள். முன்பே அங்கிருந்தவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் அந்நியர் என்று பெயர் வைக்க, உலகம் அதையே எடுத்துக்கொண்டது.

பிரிட்டன் என்ற அரசு ஒரே நாளில் உருவானதல்ல. 1536, 1542 ஆண்டுகளின் சட்டங்களால் வேல்ஸ் இங்கிலாந்தோடு சேர்க்கப்பட்டது. நீதிமன்றத்தில் ஆங்கிலம் மட்டுமே செல்லும் என்றானது. ஸ்காட்லாந்து 1707-ல் உடன்படிக்கை செய்துகொண்டு இணைந்தது; தன் சட்டத்தையும் திருச்சபையையும் கல்வி முறையையும் கையிலேயே வைத்துக்கொண்டது. 1801-ல் அயர்லாந்து. 1922-ல் அதன் பெரும்பகுதி பிரிந்துபோக, வடக்கு மட்டும் தங்கிவிட்டது. அவர்களுடைய கொடியைப் பாருங்கள்: இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து மூன்றின் சிலுவைகளும் அதில் உண்டு. வேல்ஸுக்கு அதில் ஒரு கோடுகூட இல்லை. அந்த முதியவர் பேனாவைக் கேட்டதில் இத்தனையும் இருந்தது.

இன்னொன்றும் இருந்தது. அபெரிஸ்ட்வித் நகருக்குத் தெற்கே கடலோரச் சாலையில் இடிந்த கல்சுவர் ஒன்று நிற்கிறது. சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் இரண்டே சொற்கள்: 'கோவியுக் ட்ரவெரின்', ட்ரவெரினை மறவாதீர். வடக்கு வேல்ஸின் ட்ரவெரின் பள்ளத்தாக்கில் கபெல் கெலின் என்று ஒரு சிற்றூர். முழுக்க வேல்ஷ் மொழி பேசிய ஊர். இங்கிலாந்தின் லிவர்பூல் நகருக்குத் தண்ணீர் தேவை என்று அங்கே அணை கட்ட 1957-ல் லண்டன் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. வேல்ஸ் உறுப்பினர்கள் ஏறத்தாழ எல்லாரும் எதிர்த்தும் சட்டம் நிறைவேறியது. 1965-ல் பள்ளிக்கூடம், தேவாலயம், அஞ்சலகம், வீடுகள் எல்லாம் நீருக்கடியில் போயின. லிவர்பூல் நகர மன்றம் 2005-ல் மன்னிப்புக் கேட்டது. 2019-ல் யாரோ அந்தச் சுவரைச் சேதப்படுத்தியபோது, சில வாரங்களில் வேல்ஸ் முழுக்க வீட்டுச் சுவர்களிலும் கொட்டகைகளிலும் அதே இரண்டு சொற்கள் முளைத்தன. எங்கள் தெருமுனைக் கொட்டகையிலும் எழுதினார்கள். ஈரப் பெயின்ட்டின் மணத்தோடு நான் இரவுப் பணிக்கு நடந்து போனது நினைவிருக்கிறது.

இதைக் கேட்டுவிட்டு, இவர்கள் பிரிட்டனையே வெறுப்பவர்கள் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அதே முதியவர், தேசிய மருத்துவச் சேவையைப் பற்றிப் பேசும்போது நிமிர்ந்து உட்காருவார். 1948 ஜூலை 5-ல் அதைத் தொடங்கிவைத்த அமைச்சர் அனைரின் பெவன், வேல்ஸின் ட்ரெடெகர் ஊர்க்காரர். பதின்மூன்று வயதில் சுரங்கத்தில் இறங்கியவர். "நாங்கள் பிரிட்டனுக்குக் கொடுத்தது" என்பார் அந்த முதியவர். சுவான்சி நகரம் 1941 பிப்ரவரியில் தொடர்ந்து மூன்று இரவுகள் ஜெர்மன் குண்டுவீச்சில் எரிந்தது. அதைச் சிறுமியாகப் பார்த்த ஒரு பாட்டி, அந்தக் கதையைச் சொல்லும்போது 'நாங்கள் பிரிட்டிஷ்காரர்கள்' என்றே சொல்வார். மறதி நோய் முற்றியபோது அவருக்கு ஆங்கிலமே போய்விட்டது. கைக்குழந்தைக் காலத்து வேல்ஷ் மட்டும் மிஞ்சியது. சீருடையில் ஆரஞ்சு நிறப் பேச்சுக்குமிழிச் சின்னம் அணிந்த ஊழியர்கள் வேல்ஷ் பேசுவார்கள் என்று அடையாளம். அப்படி ஒருவரைத் தேடி நான் மாடிக்கும் கீழுக்கும் ஓடியிருக்கிறேன். அவர் வந்து கட்டிலருகே நின்று இரண்டு வார்த்தை பேசியதும் பாட்டியின் கை போர்வையை விட்டது. அந்த வாரமே நான் வேல்ஷ் வகுப்பில் சேர்ந்தேன்.

இங்கிலாந்துக்காரர்களிடம் வருகிறேன். பிரிட்டிஷ், இங்கிலீஷ் என்ற இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்று நீண்ட காலம் யோசிக்க அவசியமே இல்லாமல் இருந்தவர்கள் அவர்கள். பெரிய வீட்டில் மூத்தவருக்குத் தனியறை எதற்கு? 1966 உலகக் கோப்பைக் கால்பந்தை இங்கிலாந்து வென்றபோது அரங்கத்தில் பறந்தது பெரும்பாலும் பிரிட்டிஷ் கொடி. முப்பது ஆண்டு கழித்து, 1996 ஐரோப்பியக் கோப்பையில், வெள்ளையில் செஞ்சிலுவை போட்ட இங்கிலாந்துக் கொடி அரங்கத்தை நிறைத்தது. மறு ஆண்டு ஸ்காட்லாந்தும் வேல்ஸும் தங்களுக்கென்று சபை வேண்டும் என்று வாக்களித்தன. இங்கிலாந்துக்கு மட்டும் அப்படி ஒரு சபை இன்றுவரை கிடையாது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதை விசித்திரமாகக் காட்டியது. 2011-ல் முதன்முறையாகத் தேசிய அடையாளம் என்ன என்று கேட்டார்கள். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டையும் சேர்த்து 57.7 சதவீதம் பேர் 'இங்கிலீஷ்' மட்டும் என்றார்கள். 'பிரிட்டிஷ்' மட்டும் என்றவர்கள் 19.1 சதவீதம். 2021-ல் 'பிரிட்டிஷ்' மட்டும் 54.8 சதவீதம், 'இங்கிலீஷ்' மட்டும் 14.9 சதவீதம். பத்தே ஆண்டில் பாதி நாடு மனம் மாறிவிட்டதா? 2011 படிவத்தில், இங்கிலாந்தில், முதல் கட்டம் இங்கிலீஷ். 2021-ல் முதல் கட்டம் பிரிட்டிஷ். இந்த வரிசை மாற்றம்தான் பெரும்பாலும் காரணம் என்று புள்ளியியல் அலுவலகமே சொல்லிவிட்டது. வேல்ஸில் இரண்டு முறையும் முதல் கட்டம் வேல்ஷ்தான், அங்கே 57.5 என்பது 55.2 ஆனது, அவ்வளவே. ஆனால் என் வார்டு முதியவரிடம் எந்த வரிசையில் படிவம் கொடுத்திருந்தாலும் அவர் கை நேராக ஒரே கட்டத்துக்குத்தான் போயிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இங்கிலாந்துக்குள்ளேயும் 'இங்கிலீஷ்' என்பதைவிடத் தன் வட்டாரத்தை முன்னே வைப்பவர்கள் உண்டு. லிவர்பூல் கால்பந்து ரசிகர்கள் 'நாங்கள் ஸ்கவுஸ், இங்கிலீஷ் அல்ல' என்று பதாகை பிடிக்கிறார்கள். ஸ்கவுஸ் என்பது அந்தத் துறைமுகத்து மாலுமிகள் சாப்பிட்ட இறைச்சிக் குழம்பின் பெயர். தேமார் ஆற்றுக்கு மேற்கே கார்ன்வால். அந்த மக்களை 2014-ல் அரசு தேசியச் சிறுபான்மையினராக ஏற்றுக்கொண்டது. யார்க்‌ஷயரைப் பற்றி நம் கிரிக்கெட் பிரியர்களுக்கே தெரிந்திருக்கும். அந்த மண்ணில் பிறந்தவர்களை மட்டும் ஆடவைத்த யார்க்‌ஷயர் கவுண்டி அணி, 1992-ல் அந்த வழக்கத்தைக் கைவிட்டு முதல் வெளிநாட்டு வீரராக ஆடவைத்தது நம் சச்சின் டெண்டுல்கரை. பத்தொன்பது வயதுப் பையன், உள்ளூர்க்காரர்கள் அணியும் தட்டைத் தொப்பியோடு நிற்கும் படம் இன்றும் அங்கே பிரபலம். அந்தத் தொப்பியைப் போட்டுவிட்டார்களே, அதுதான் எனக்குப் பிடித்தது.

ஆனாலும் வட்டாரப் பெருமை வேறு, தனி அதிகாரம் கேட்பது வேறு. 'ஜோர்டி' என்று மார்தட்டும் நியூகாசில் வட்டாரத்தை உள்ளடக்கிய வடகிழக்குப் பகுதி, 2004-ல் தனிச் சபை வேண்டுமா என்று கேட்டபோது ஏறத்தாழ 78 சதவீதம் வேண்டாம் என்றது. ஸ்காட்லாந்தின் 2022 கணக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு நெருங்கியவர்கள் 'ஸ்காட்டிஷ்' மட்டும் என்றார்கள்; அதே நாடு 2014 வாக்கெடுப்பில் 55 சதவீதத்தால் பிரிவினையை மறுத்தது. வட அயர்லாந்தில் இது உயிர்போகும் விஷயமாக இருந்தது. ஒரே நகரத்தை டெர்ரி என்று சொன்னால் ஐரிஷ் பக்கம், லண்டன்டெர்ரி என்று சொன்னால் பிரிட்டிஷ் பக்கம். 1998 உடன்படிக்கை அங்கு பிறந்தவர் தன்னை ஐரிஷ் என்றோ பிரிட்டிஷ் என்றோ, இரண்டும் என்றோ சொல்லிக்கொள்ளலாம் என்று எழுத்தில் கொடுத்தது. மூன்றாவதாக 'இரண்டும்' என்ற சொல்லையும் எழுதிவைத்தார்களே, அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

நாமும் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. மெட்ராஸ் கவர்னர் தாமஸ் மன்றோவை ஆங்கிலேயர் என்கிறோம். அவர் கிளாஸ்கோவில் பிறந்த ஸ்காட்டிஷ்காரர். எங்கள் மாவட்டத்து இடையன்குடியில் அடக்கமாகியிருக்கும் கால்டுவெல்லையும் பள்ளியில் ஆங்கிலேயப் பாதிரியார் என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர் 1814-ல் அயர்லாந்தில் ஸ்காட்டிஷ் பெற்றோருக்குப் பிறந்து, கிளாஸ்கோவில் வளர்ந்து படித்தவர். நம் மொழி தனிக் குடும்பம் என்று 1856-ல் நூலெழுதி நிறுவியவரின் ஊரைக்கூட நாம் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

என்னிடம் கேட்டால், அங்கே குடியேறிய நம்மவர்களுக்கு 'பிரிட்டிஷ்' என்று சொல்வது எளிது. 'இங்கிலீஷ்' என்று சொல்லத்தான் நாக்கு தயங்கும். லண்டனின் ஈஸ்ட்ஹாமிலும் ஹாரோவிலும் உள்ள என் ஈழத்துத் தோழிகளும் அப்படித்தான். 'பிரிட்டிஷ் தமிழர்' என்பார்கள், 'இங்கிலீஷ் தமிழர்' என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. 'இங்கிலீஷ்' என்பது நிறத்தோடும் வம்சத்தோடும் ஒட்டியது என்ற எண்ணம் இன்னும் முழுதாகப் போகவில்லை. என் மகள் கதை வேறு. சுவான்சியில் பிறந்தவள். மார்ச் 1, தூய தாவீது திருநாளன்று, உயரமான கறுப்புத் தொப்பியும் சிவப்புச் சால்வையுமாக, நெஞ்சில் டாஃபடில் பூவோடு பள்ளிக்குப் போனவள்.

2021 மார்ச்சில் கணக்கெடுப்பை இணையத்தில் நிரப்பினோம். சமையலறை மேசையில் மடிக்கணினி; பக்கத்தில் அவள். பொருந்துவதெல்லாம் குறிக்கலாம் என்று போட்டிருந்தது. நான் பிரிட்டிஷைக் குறித்தேன். வேல்ஷையும் குறித்தேன். கீழே 'மற்றவை' என்ற இடத்தில் தமிழ் என்று எழுதினேன். என் பக்கம் முடிய வெகுநேரம் ஆயிற்று. அவள் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள், முதல் கட்டத்தைத் தொட்டாள், அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.