நெய்தவர் பெயர் எங்கே?

விழாத் தலைவர் அவர்களே, அரங்கத்தை வாடகை வாங்காமல் தந்த தாளாளர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்ட நண்பர் அவர்களே, எனக்குப் போர்த்திய சால்வையை நெய்த பெயர் தெரியாத நெசவாளர் அவர்களே, வணக்கம்.

கம்பளத்தின் முடிச்சு, வணிகம், சாயம் என்று மூன்றைப் பற்றிப் பேசுவேன் என அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். சரி, முடிச்சு. துருக்கி முடிச்சில் கம்பளி இழை தறியில் நீளவாக்கில் கட்டிய இரண்டு பாவு நூல்களைச் சுற்றி, இரு முனையும் அவற்றின் நடுவே வெளியே வரும். இழுத்து, நறுக்கி, அடுத்தது. வரிசை முடிந்ததும் ஊடை என்னும் குறுக்கு நூல் கொடுத்துச் சீப்பால் அடிக்க வேண்டும். இன்றைய துருக்கியில், அனத்தோலியாவின் உஷாக் என்ற ஊரில் இப்படி நெய்தவை வெனிஸ் வழியாக ஐரோப்பா போயின. அங்கே மிதிக்க மனம் வராமல் மேசைமேல் விரித்தார்கள்! 1533இல் ஹோல்பைன் வரைந்த ‘தூதர்கள்’ ஓவியத்திலும் கம்பளம் மேசைமேல்தான். இன்று அந்த வகைகளுக்கு என்ன பெயர்? ஹோல்பைன் கம்பளம், லோட்டோ கம்பளம். இரண்டும் ஓவியர் பெயர்! கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிகொண்டது.

வணிகத்துக்கு ஒரு கதை. இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் வுல்சி, கார்டினல் என்ற உயர் பதவியில் இருந்த கத்தோலிக்கக் குரு. அன்று தனி நாடாக இருந்த வெனிஸின் கையில் இருந்த கிரீட் தீவின் மதுவுக்கு இங்கிலாந்தில் வரி. அதை நீக்குங்கள் என்று வெனிஸ் தூதர் ஜுஸ்தினியான் போய் நின்றார். ‘வரி இருக்கட்டும், கம்பளம் எங்கே’ என்கிற தோரணையில் பேசினார் கார்டினல். (நம் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும், மேடையில் வேண்டாம்.) லண்டனில் இருந்த வெனிஸ் வணிகர்கள் சிலவற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். போதவில்லை. தூதர் ஊருக்கு எழுதினார். பெரியவரோ விடுவதாக இல்லை. கடைசியில் 1520இல் வந்து சேர்ந்தன, 60 கம்பளங்கள்! வாங்கியவர் பெயர் வரலாற்றில் இருக்கிறது, தூதர் பெயரும் இருக்கிறது. நெய்தவர்? மறுபடியும் கறையான், மறுபடியும் கருநாகம்.

நம் மதுரைக்கும் வந்துபோன மொராக்கோ பயணி இப்னு பதூதா, அனத்தோலியாவின் அக்சராய் ஊர்க் கம்பளங்களுக்கு ஈடில்லை, சீனா வரை போகின்றன என்று எழுதினார். ஒரு நெசவாளர் பெயரையும் எழுதியிருக்கக் கூடாதா ஐயா? 1585இல் ஒட்டோமான் சுல்தான் மூன்றாம் முராத், கெய்ரோவிலிருந்து 11 கம்பள நெசவாளர்களைக் கம்பளியோடு இஸ்தான்புலுக்கு அனுப்பச் சொன்னார். கம்பளம் வேண்டுமானால் கையைத்தான் கூப்பிட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சாயம் அடுத்த கூட்டத்தில். கைத்தறித் துணி ஒவ்வொன்றிலும் நெய்தவர் பெயர் இருக்க வேண்டும் என்று கேட்கும் விண்ணப்பம் வாசல் மேசையில் இருக்கிறது. பேனாவை நூலில் கட்டியே வைத்திருக்கிறேன்.