வௌவாலும் ஓவியமும்

நடுவர் அவர்களுக்கும், அவையில் நிறைந்திருக்கும் பெரியோர்க்கும், எதிரில் அமர்ந்திருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். வணக்கத்தை இத்துடன் முடித்துக்கொள்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பருக்கு நான் ஒரு கடன் பட்டிருக்கிறேன். அதை முதலில் தீர்த்தாக வேண்டும்.

இன்றைய தலைப்பு, 'அரூப ஓவியம் மனத்தைத் தொடுகிறதா, மனிதரை ஏமாற்றுகிறதா?' என்பது. அரூப ஓவியம் என்றால், ஆள், மரம் என்று எந்தப் பொருளையும் காட்டாமல் வண்ணமும் வடிவமும் மட்டுமே கொண்ட ஓவியம். தொடுகிறது என்று வாதாட வந்தவன் நான். ஏமாற்றுகிறது என்ற நண்பர், அதற்குச் சான்றாகத் தம் அலுவலகத்தைக் காட்டினார். அங்கே வரவேற்பறையில் ஒரு நவீன ஓவியத்தை மாட்டினார்களாம். மூன்று மாதம் கழித்து அதை வரைந்தவரே வந்து பார்த்து, 'ஐயோ, தலைகீழாகத் தொங்குகிறதே' என்று அலறினாராம். மேலாளர் முதல் காவலாளி வரை அதுவரை ஒருவருக்கும் தெரியவில்லையாம். இதைச் சொல்லிவிட்டு நண்பர், 'தலைகீழாகத் தொங்குவது வௌவாலுக்கு இயல்பு. ஓவியத்துக்கும் அதுவே இயல்பு என்றால் பார்க்கிறவர்களும் தலைகீழாக நிற்க வேண்டியதுதான்' என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நடுவர் சிரித்தார். உண்மையைச் சொல்வதென்றால் நானும் சிரித்தேன். எங்கள் அணித் தலைவர் முறைத்த பிறகுதான் நிறுத்தினேன்.

ஆனால் நண்பரே, மூன்று மாதமெல்லாம் ஒரு கணக்கா? உங்கள் கட்சிக்கு நானே இதைவிடப் பெரிய சாட்சியைத் தருகிறேன். பீட் மோந்திரியான் என்னும் டச்சு ஓவியர் 1941ஆம் ஆண்டு நியூயார்க்கில் இருந்தபோது, சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு ஆகிய நிறங்களில் ஒட்டுநாடாக்களைக் குறுக்கும் நெடுக்குமாகத் துணியில் ஒட்டி ஒரு படைப்பைச் செய்தார். அதற்கு 'நியூயார்க் நகரம் 1' என்று பெயர். அதில் கையொப்பம் இல்லை. 1944இல் அவர் காலமானார். மறு ஆண்டு அது நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் மாட்டப்பட்டது. பிறகு 1980இல் ஜெர்மனியின் டூசல்டோர்ஃப் நகரில் உள்ள ஓர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எத்தனையோ அறிஞர்கள் அதன்முன் நின்று மோவாயைத் தடவிக்கொண்டு 'ஆகா' என்றிருப்பார்கள். 2022ஆம் ஆண்டு அந்த அருங்காட்சியகத்தின் காட்சிப் பொறுப்பாளரான பெண்மணி ஒருவர், இது இத்தனை காலமும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அறிவித்தார். மூன்று மாதம் இல்லை, நண்பரே, 77 ஆண்டுகள்! உங்கள் வௌவால் இத்தனை நாள் தொங்குமா?

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும், அந்தப் பெண்மணி அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்பதையும் கேளுங்கள். நாடாக்கள் ஒரு விளிம்பில் நெருக்கமாகவும் மறு விளிம்பில் விலகியும் இருக்கின்றன. நெருக்கமான பக்கம், அடர்ந்த வானத்தைப் போல, மேலே அல்லவா இருக்க வேண்டும் என்று அவருக்கு உறுத்தியது. தேடிப் பார்த்தால், ஓவியர் இறந்த சில நாட்களில் அவருடைய பட்டறையில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் கிடைத்தது. அதில், தாங்கியின் மேல் நிற்கும் அந்தப் படத்தில், நெருக்கமான பக்கம் மேலேதான் இருக்கிறது. இப்போது நான் நண்பரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒரு படத்தைப் பார்த்து ஒருவர் 'இது தலைகீழ்' என்று சொல்ல முடிகிறதென்றால், அதற்கு நேர் என்று ஒன்று இருக்கிறது என்றுதானே பொருள்? கிறுக்கலுக்கு ஏது தலை, ஏது கீழ்? உங்கள் அலுவலகத்துக்கு வந்த ஓவியரும் உள்ளே நுழைந்ததும் அலறினார் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். எங்கள் கட்சிக்கு அதைவிடச் சிறந்த சாட்சி எங்கே கிடைக்கும்? (கண்டுபிடித்த பிறகும் அந்தப் படத்தைத் திருப்பவில்லை. பழைய நாடாக்கள் பிய்ந்துவிடும் என்று அஞ்சி அப்படியே விட்டுவிட்டார்கள்.)

வௌவாலை நான் இன்னும் விடப் போவதில்லை. படம் நிற்க வேண்டியபடி நிற்காததால்தான் எங்கள் தரப்புக்கு ஒரு பெரிய ஓவியர் கிடைத்தார். வசீலி கான்டின்ஸ்கி என்று பெயர், 1866இல் மாஸ்கோவில் பிறந்தவர், சட்டம் படித்தவர். முப்பது வயதில் ஒரு பல்கலைக்கழகம் வேலை தருகிறேன் என்று அழைத்தபோது, வேண்டாம் என்று மறுத்துவிட்டு, ஓவியம் கற்க ஜெர்மனியின் மூனிக் நகரத்துக்கு ரயிலேறியவர். நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் பல்கலைக்கழக வேலையை உதறிவிட்டுத் தூரிகையோடு கிளம்பினால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்.

அந்த ஆண்டு மாஸ்கோவில் நடந்த ஒரு பிரெஞ்சு ஓவியக் கண்காட்சியில், மோனே வரைந்த வைக்கோற்போர்ப் படத்தை அவர் பார்த்தார். படத்தில் இருப்பது என்னவென்று அவருக்குப் புரியவே இல்லை. கண்காட்சிப் பட்டியலைப் புரட்டித்தான் அது வைக்கோற்போர் என்று தெரிந்துகொண்டார். இப்படிப் புரியாதபடி வரைவதற்கு ஓவியருக்கு உரிமையே இல்லை என்று எரிச்சல் கொண்டார். அதாவது, நடுவர் அவர்களே, அன்றைக்கு கான்டின்ஸ்கி எதிரணி நாற்காலியில் அமர்ந்திருந்தார். ஆனால் வீடு திரும்பிய பிறகும் அந்தப் படம் அவரை விடவில்லை. பொருள் புரியாத அந்தப் படம் மட்டும் கண்ணெதிரே நுணுக்கம் மாறாமல் திரும்பத் திரும்ப வந்து நின்றது.

சில ஆண்டுகள் கழித்து மூனிக்கில் ஒரு மாலை. வெளியே சென்று வரைந்துவிட்டு வண்ணப் பெட்டியோடு பட்டறைக்குத் திரும்புகிறார். பொழுது சாய்கிறது, விளக்கு ஏற்றும் நேரம். கதவைத் திறக்கிறார். சுவரோரம் ஒரு படம். அது என்னவென்று தெரியவில்லை. மனிதனா, மரமா, மலையா, ஒன்றும் தெரியவில்லை. வண்ணங்களும் வடிவங்களும் மட்டும் உள்ளிருந்து ஒளிர்கின்றன. இத்தனை அழகான படத்தைத் தம் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று வாயிற்படியிலேயே திகைத்து நிற்கிறார். யார் வரைந்தது, யார் கொண்டுவந்து வைத்தது என்று அருகில் போய்ப் பார்க்கிறார். அவர் வரைந்த படமேதான். பக்கவாட்டில் சாய்ந்து நின்றிருக்கிறது!

யார் அதைச் சாய்த்து வைத்தார் என்பதை அவர் எழுதவில்லை. எனக்கு ஓர் ஊகம் உண்டு. எந்த வீட்டிலும் துடைப்பத்தோடு ஒருவர் உள்ளே வந்து போனால், வைத்த பொருள் வைத்தபடி இருப்பதில்லை. அந்தப் பட்டறையைப் பெருக்க வந்த யாரோ ஓர் அம்மையார் படத்தை இப்படிச் சாய்த்துவிட்டுத் தம் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருப்பார். கலை வரலாற்று நூல்கள் அவருக்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. இந்த மேடையிலாவது அவருக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள். நன்றி.

கதையின் முக்கியமான பகுதி இனிமேல்தான் வருகிறது. மறுநாள் காலை, நல்ல வெளிச்சத்தில், கான்டின்ஸ்கி அதே படத்தை அதே போலச் சாய்த்து வைத்துப் பார்க்கிறார். மாலையில் வந்த அந்த அனுபவம் பாதிதான் வந்தது. ஏன் முழுதும் வரவில்லை? இப்போது அது தம் படம் என்று தெரியும். சாய்ந்திருந்தாலும் இது இன்ன பொருள், அது இன்ன பொருள் என்று கண் அடையாளம் கண்டுவிடுகிறது. அப்போதுதான் தம் படங்களுக்குக் கேடு செய்வது அவற்றில் இருக்கும் பொருள்களே என்று தமக்குத் தெளிவாகத் தெரிந்ததாக 1913இல் அவர் எழுதினார். மறுபடியும் அந்த வாயிற்படிக்கு வாருங்கள். மாலையில் நின்றவரும் அவரே, காலையில் நின்றவரும் அவரே, படமும் அதுவே. மாலையில் அவருக்கு யாராவது விளக்கம் சொன்னார்களா? விலைச்சீட்டு ஒட்டியிருந்ததா? அவரை யார் ஏமாற்றியது? 'இது பெரிய ஓவியர் வரைந்தது என்று சொல்லிச் சொல்லியே நம்மை ரசிக்க வைக்கிறார்கள்' என்றாரே நண்பர், வரைந்தவர் யார் என்றே தெரியாத அந்த ஒரு நிமிடத்தில்தான் அந்த மனிதர் முழுமையாக ரசித்தார்.

பொருள் எதையும் காட்டாமலே மனத்தைத் தொடும் கோலத்தையும் ஆலாபனையையும் எங்கள் அணியின் முதல் பேச்சாளர் சொல்லிவிட்டார். நான் அவற்றில் கைவைக்கவில்லை. 1839இல் புகைப்படம் வந்து, உள்ளது உள்ளபடி காட்டும் வேலையை ஓவியரிடமிருந்து பறித்துக்கொண்டதையும் எல்லோரும் அறிவீர்கள். எல்லோருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். எண்ணங்களுக்கும் உணர்ச்சிகளுக்கும் வடிவமும் நிறமும் உண்டு என்று கூறி, கோபம் இப்படி, பக்தி இப்படி என்று வண்ணப் படங்களோடு ஒரு நூல் 1905இல் வெளிவந்தது. அதன் ஜெர்மன் மொழிபெயர்ப்பு கான்டின்ஸ்கியிடம் இருந்தது. எழுதிய இருவரில் ஒருவர் அன்னி பெசன்ட். நம் அடையாற்றில் வாழ்ந்து, 1933இல் அடையாற்றிலேயே மறைந்த அதே பெசன்ட் அம்மையார்தான். சற்றுமுன் சொன்ன மோந்திரியானும், அந்த அம்மையார் தலைமை வகித்த, அடையாற்றில் தலைமையகம் கொண்ட பிரம்மஞான சபையில் 1909இல் உறுப்பினராகச் சேர்ந்தவர். 'எங்கோ மேல்நாட்டில் கிளப்பிவிட்ட மோஸ்தர்' என்று நண்பர் கைவீசிக் காட்டிய திசையில் அடையாற்று ஆலமரமும் நிற்கிறது.

இது ஏமாற்று வியாபாரம் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். ஸ்வீடனில் ஹில்மா ஆஃப் கிளின்ட் என்றொரு பெண்மணி இருந்தார். முறையாகக் கலைக்கழகத்தில் பயின்றவர். பூவையும் செடியையும் தத்ரூபமாக வரையத் தெரிந்தவர். கான்டின்ஸ்கி பொருள்களைக் கைவிடுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1906இல், அவர் உருவமற்ற ஓவியங்களை வரையத் தொடங்கிவிட்டார். 1915 வரை 193 படங்கள். அவற்றுள் 1907இல் வரைந்த பத்து, ஒவ்வொன்றும் மூன்று மீட்டருக்கு மேல் உயரம்; நம் வீடுகளில் கூரையை இடிக்கும். ரோஜா நிறமும் ஆரஞ்சும் இளநீலமும், சுருள் சுருளாக, இதழ் இதழாக. வரைந்துவிட்டு என்ன செய்தார்? கடை பரப்பினாரா? ஏலம் விட்டாரா? தாம் இறந்து இருபது ஆண்டுகள் ஆகும்வரை இவற்றை யாருக்கும் காட்டக் கூடாது என்று சொல்லி, எல்லாவற்றையும் அண்ணன் தம்பி பிள்ளைக்கு விட்டுவிட்டு 1944இல் போய்ச் சேர்ந்தார். 1986இல்தான் அவருடைய அரூபப் படங்கள் முதன்முதலில் ஒரு பெரிய கண்காட்சிக்கு வந்தன. 2018இல் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் அவற்றை வைத்தபோது ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து பார்த்தார்கள். சரக்கைப் பூட்டி வைத்துவிட்டுச் செத்துப்போகும் ஏமாற்றுக்காரரை எந்தச் சந்தையிலாவது பார்த்திருக்கிறீர்களா, நண்பரே?

நடுவர் மணியைத் தொடுகிறார். ஒரு நிமிடம் தாருங்கள், ஐயா. வாதம் முடிந்துவிட்டது, இனி நான் சொல்வது வாதம் இல்லை.

எனக்கு ஆறு வயதிருக்கும்போது என் தங்கை பிறந்தாள். அம்மா தம் பழைய அரக்கு நிறச் சுங்குடிச் சேலையைக் கூடத்து உத்திரத்தில் தூளியாகக் கட்டினார். பிற்பகலில் அம்மா தங்கையைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனதும், நான் திருட்டுத்தனமாக அந்தத் தூளிக்குள் ஏறிப் படுத்துக்கொள்வேன். துணி இருபுறமும் வந்து மூடிக்கொள்ளும். கூரையில் ஒரு கண்ணாடி ஓடு உண்டு; அதன் வழியே விழும் வெயில் சேலைமேல் பட்டதும் உள்ளே முழுவதும் சிவந்து போகும். துவைத்துத் துவைத்து நைந்த இடத்தில் இளஞ்சிவப்பு. மடிப்பு விழுந்த இடத்தில் இரத்தச் சிவப்பு. சுங்குடிப் புள்ளிகள் அங்கங்கே வெள்ளை வெள்ளையாக ஆடும். அதில் ஆள் இல்லை, மரம் இல்லை, மலை இல்லை. இது என்ன படம் என்று எனக்கு ஒருநாளும் கேட்கத் தோன்றியதில்லை. அம்மா வந்து, 'ஏண்டா, இந்த வயசில் உனக்குத் தூளியா?' என்று முதுகில் ஒன்று வைக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

அம்மா இப்போது இல்லை. அவருடைய புகைப்படம் கூடத்தில் மாலையோடு இருக்கிறது. முகம், பொட்டு, மூக்குத்தி என்று எல்லாம் உள்ளது உள்ளபடி இருக்கிறது. நான் தினமும் அதைக் கடந்து போகிறேன். சில நாள் நின்று பார்க்கிறேன், பல நாள் பார்ப்பதில்லை. ஆனால் அந்தச் சேலையில் கிழித்து வைத்த ஒரு முழத் துணி என் பீரோவின் அடித்தட்டில் இருக்கிறது. எப்போதாவது, வீட்டில் யாரும் இல்லாதபோது, அதை எடுத்துச் சன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பேன். பிடித்தவுடன் கண் கலங்கிவிடும். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

அந்தத் துணிக்கு மேல்பக்கம் எது, கீழ்ப்பக்கம் எது என்று இதுவரை நான் பார்த்ததில்லை, நண்பரே. நன்றி, வணக்கம்.