நம்ம படப் பாட்டு கலெக்‌ஷனுக்கு எந்த மியூசிக் சர்வர்? நாவிட்ரோமா, ஜெல்லிஃபின்னா, ப்ளெக்ஸா? மூணுமே வீட்டு கம்ப்யூட்டர்ல இருக்கற பாட்ட போனுக்கு அனுப்புற சாஃப்ட்வேர்.

[ஸ்கிரீன்ல: ஒரே படத்தோட போஸ்டர், வரிசையா ஆறு தடவ]

இத பாருங்க. ஒரே படம், மொத்தம் ஆறு பாட்டு, ஆனா ஆப்புல ஆறு தனித்தனி ஆல்பமா காட்டுது. பழைய சிடி எல்லாம் ரிப் பண்ணி ஹார்ட் டிஸ்க்ல வருஷக்கணக்கா சேத்து வச்சிருப்போம், சரி இத சொந்தமா ஒரு சர்வர்ல போட்டு போன்ல கேக்கலாமேன்னு ஆரம்பிச்சா மொத நாளே இது கண்ணுல படும், உடனே சாஃப்ட்வேர் சரியில்லன்னு தூக்கிட்டு அடுத்ததுக்கு தாவுவோம், அங்க போனாலும் பெரும்பாலும் இதே கததான்.

தப்பு சாஃப்ட்வேர்ல இல்ல, டேக்ல, அதாவது ஃபைலுக்குள்ளயே எழுதி வச்சிருக்கற பாட்டு விவரத்துல. ஒவ்வொரு ஃபைலுக்குள்ளயும் ஆர்டிஸ்ட்னு ஒரு இடம் இருக்கு, ஆல்பம் ஆர்டிஸ்ட்னு இன்னொரு இடம் இருக்கு. இங்கிலீஷ் பேண்ட் பாட்டுக்கு ரெண்டும் ஒண்ணுதான், அதனால அவங்களுக்கு இந்தத் தலவலி கம்மி. நம்ம படத்துல ஒரு பாட்டு சோலோ, அடுத்தது டூயட், அதுக்கடுத்தது வேற யாரோ. ஆல்பம் ஆர்டிஸ்ட் காலியா இருந்தா நாவிட்ரோம் பாடகர் பேர எடுத்து அந்த இடத்துல வச்சுக்கும், பாடகர் மாற மாற ஆல்பமும் ஒடஞ்சுரும். வீட்ல அஞ்சு பேர் இருந்தாலும் ரேஷன் கார்டுல குடும்பத் தலைவர்னு ஒருத்தர் பேர்தான இருக்கும், அதுதான் ஆல்பம் ஆர்டிஸ்ட். படப் பாட்டுக்கு அங்க மியூசிக் டைரக்டர் பேர போடுங்க.

சரி, இப்ப சர்வருக்கு வருவோம்.

என் ஓட்டு நாவிட்ரோமுக்குத்தான். இலவசம், ஓப்பன் சோர்ஸ், கோ லாங்குவேஜ்ல எழுதுனது, பாட்டுக்கு மட்டும்தான், ராஸ்பெரி பை மாதிரி சின்ன போர்டுல கூட அலட்டிக்காம ஓடும். உங்க பாட்டு ஃபைல தொடாது, படிக்க மட்டும்தான் செய்யும், அதனால டாக்கர்ல, அதாவது சாஃப்ட்வேர தனி டப்பாவுல ஓட்டுற டூல்ல, போடும்போது மியூசிக் ஃபோல்டர ரீட்-ஒன்லியா குடுத்துருங்க. இது சப்சோனிக் ஏபிஐ பேசும், அதாவது ஆப்பும் சர்வரும் பேசிக்கற ஒரு பொது பாஷை. சப்சோனிக்ங்கறது பழைய சர்வர், 2016ல குளோஸ்டு சோர்ஸ் ஆயிருச்சு, ஆனா அதுக்குன்னு வந்த ஆப்புங்க இன்னிக்கும் வாழுது. அதனால ஆண்ட்ராய்டுல சிம்ஃபோனியம், ஐஃபோன்ல ஆம்பர்ஃபை, கம்ப்யூட்டர்ல ஃபெய்ஷின், எது புடிக்குதோ அத வச்சுக்கலாம், நாளைக்கு புடிக்கலன்னா ஆப்ப மட்டும் மாத்தலாம், சர்வர் அப்டியே இருக்கும். சிம்ஃபோனியம் மட்டும் காசு, ஆனா ஒரே தடவ.

எனக்கு இதுல ரொம்ப புடிச்சது 2025ல வந்த 0.55 வெர்ஷன். அதுல இருந்து ஒரு பாட்டுக்கு பல ஆர்டிஸ்ட், அதுவும் கம்போசர், லிரிசிஸ்ட்னு ரோல் வாரியா வச்சுக்கும். கவிஞர் பேர தட்டுனா அவர் பாட்டு எழுதுன ஆல்பமெல்லாம் ஒரே எடத்துல வரும், டேக் ஒழுங்கா இருந்தா. நம்மூர்ல பாட்ட அப்டித்தானங்க தேடுவோம்! இன்னொண்ணு, விஸ்வநாதன் - ராமமூர்த்தி 1965ல பிரிஞ்சாங்க இல்லயா, அதுக்கு முன்னாடி படங்கள ரெண்டு பேருக்கும் போடணும், அப்புறம் வந்தது தனித்தனியா. டேக்க திருத்துற எம்பி3டேக் சாஃப்ட்வேர்ல ரெண்டு பேருக்கு நடுவுல ரெண்டு பேக்ஸ்லாஷ் போட்டு சேவ் பண்ணா ரெண்டும் தனித்தனி பேரா பதிவாகும், எம்எஸ்வி பக்கத்துல போனாலும் அந்தப் படம் இருக்கும், ராமமூர்த்தி பக்கத்துல போனாலும் இருக்கும்.

கொற என்னன்னா, டேக்க வச்சு மட்டும்தான் அடுக்கும், உங்க ஃபோல்டர் பேர மதிக்காது. ஃபோல்டர் வாரியாத்தான் பாப்பேன், டேக் எல்லாம் என்னால முடியாதுன்னா கோனிக்னு இன்னொரு சர்வர் இருக்கு, அத பாருங்க, அதுவும் சப்சோனிக் ஏபிஐதான், அதே ஆப்புங்க வேல செய்யும்.

ஜெல்லிஃபின் 2018 டிசம்பர்ல எம்பி (Emby)ங்கற மீடியா சர்வர்ல இருந்து பிரிஞ்சு வந்தது, மொத்தமா இலவசம். படம், சீரியல், பாட்டு எல்லாம் ஒரே எடத்துல. வீட்ல ஏற்கனவே டிவிக்கு இது ஓடிட்டு இருந்தா தனியா இன்னொரு சர்வர் வேணாம், ஆல்பத்துக்கு ஒரு ஃபோல்டர்னு பிரிச்சு வச்சுட்டு போன்ல ஃபின்ஆம்ப் ஆப்ப போடுங்க, போதும். பாட்டுக்குன்னே புதுசா போடுறதா இருந்தா நான் சொல்ல மாட்டேன், பாட்டு அதுல ரெண்டாம் பட்சம்தான்.

ப்ளெக்ஸோட பாட்டு ஆப் ப்ளெக்ஸ்ஆம்ப் பாக்க அவ்ளோ அழகு, ஒத்துக்கறேன். ஆனா உங்க வீட்டு சர்வருக்கே அவங்க அக்கவுன்ட்ல லாகின் பண்ணணும், 2022 ஆகஸ்ட்ல அவங்க டேட்டா லீக் ஆகி எல்லாரும் பாஸ்வேர்டு மாத்துங்கன்னு சொன்னாங்க. எல்லா வசதியும் வேணும்னா வாங்கற லைஃப்டைம் பாஸ் 2025 ஏப்ரல்ல சுமார் 120 டாலர்ல இருந்து 250 ஆச்சு. சொந்த பாட்டுக்கு கூடுதல் வசதி வேணும்னா அவ்ளோவா?

மெஷினுக்கு ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு பழைய மினி பிசி போதும். 10 வாட் எடுக்குதுன்னு வைங்க, நாள் பூரா ஓடுனாலும் ரெண்டு மாசத்துக்கு 14, 15 யூனிட்தான். கரன்ட் பில்லுல வீட்டுக்கு மொத 100 யூனிட் ஃப்ரீ இருக்கு, அதுல இது எங்க தெரியப் போவுது. சின்ன யூபிஎஸ் ஒண்ணு மட்டும் வாங்கிருங்க, பவர் கட்ல டக்குனு ஆஃப் ஆனா டேட்டாபேஸ் கெட்டுப் போகலாம்.

வெளிய இருந்து கேக்க ரவுட்டர்ல போர்ட் தொறக்காதீங்க. வீட்டு கனெக்‌ஷன் பலதும் சிஜிநேட்டுக்கு பின்னாடிதான் இருக்கும், அதாவது ஒரே ஐபி அட்ரஸ பல வீட்டுக்கு பங்கு போட்டு குடுத்திருப்பாங்க, தொறந்தாலும் வேலைக்காவாது. போனையும் சர்வரையும் தனி நெட்வொர்க்ல கோக்குற டெய்ல்ஸ்கேல் போடுங்க, பர்சனல் யூசுக்கு ஃப்ரீ. தரம் கொறயாத ஃப்ளாக் ஃபைல்னா அஞ்சு நிமிஷப் பாட்டே 30 எம்பி கிட்ட வரும், மொபைல் டேட்டால மட்டும் ஓப்பஸ்ங்கற சின்ன சைஸ் ஃபார்மட்ல 128 கேபிபிஎஸ்க்கு மாத்தி அனுப்புன்னு ஆப்புலயே செட் பண்ணிட்டா 5 எம்பில முடிஞ்சிரும், தாம்பரத்துல ஏறி பீச்ல எறங்குற வரைக்கும் ஹெட்ஃபோன்ல கேக்குறவங்களுக்கு அது தாராளம்.

கச்சேரி ரெக்கார்டிங் வச்சிருக்கறவங்க ஆப்புல கேப்லெஸ், அதாவது ட்ராக்குக்கு நடுவுல இடைவெளி விடாத வசதி, ஆன்ல இருக்கான்னு பாருங்க, இல்லன்னா கிருதி முடிஞ்சு தனி ஆவர்த்தனம் ஆரம்பிக்கிற எடத்துல டக்குனு ஒரு வெட்டு விழும்.

[ஸ்கிரீன்ல: எம்பி3டேக்]

இப்ப வேலய பாக்கலாம். மொதல்ல ஃபோல்டர ஒரு காப்பி எடுத்து வைங்க. அப்புறம் ஒரு படத்தோட எல்லா பாட்டையும் செலக்ட் பண்ணி ஆல்பம் ஆர்டிஸ்ட்ட பாருங்க, காலியா இருக்கும், இல்லன்னா ஏதோ டவுன்லோடு சைட் பேர் ஒக்காந்திருக்கும், தொடச்சுட்டு மியூசிக் டைரக்டர் பேர போடுங்க. இளையராஜாவுக்கு ஒரு ஃபைல்ல Ilayaraja-ன்னு இருக்கும், ஒண்ணுல Ilaiyaraaja-ன்னு இருக்கும், ஒண்ணுல தமிழ்லயே இருக்கும், சர்வருக்கு அது மூணு ஆள். எந்த எழுத்துங்கறது உங்க இஷ்டம், ஆனா எல்லாத்துலயும் அதே. படத்தோட பேர், வருஷம் இதுவும் எல்லா பாட்டுலயும் ஒண்ணா இருக்கணும், ஒண்ணுல மட்டும் வருஷம் மாறுனாலும் திரும்ப ஒடயலாம். சேவ் குடுத்துட்டு நாவிட்ரோம்ல ரீஸ்கேன்.

[ஸ்கிரீன்ல: ஒரு போஸ்டர், உள்ள ஆறு பாட்டு]

மொத்த கலெக்‌ஷனையும் ஒக்காந்து பண்ணாதீங்க, வெறுத்துரும். கேக்க கேக்க, ஒடஞ்சது கண்ணுல பட பட, சரி பண்ணிட்டே போங்க.