அதிவேக ரயில் பேச்சு முறிந்த இடம்

நேயர்களுக்கு வணக்கம்.

கோலாலம்பூர் – சிங்கப்பூர் அதிவேக ரயில் ஏன் கைவிடப்பட்டது? பணம்தான் காரணம் என்பார்கள். அது பாதிக் கதை.

350 கிலோமீட்டர் பாதை. அதில் சுமார் 335 மலேசியாவில். 2016 டிசம்பர் 13இல் ஒப்பந்தம் கையெழுத்தானபோதே சிக்கலான பல விஷயங்கள் தீர்ந்திருந்தன. குடிநுழைவுச் சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூரில் ஏறுபவர் இரு நாட்டுச் சோதனையையும் அங்கேயே முடித்துவிட்டு, ஜூரோங் ஈஸ்டில் இறங்கி நேரே வெளியே போகலாம் என்பது ஏற்பாடு. அதற்குச் சிங்கப்பூர் அதிகாரி மலேசிய மண்ணில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். இறையாண்மையைத் தொடும் சங்கதி. அதிலேயே உடன்பாடு வந்துவிட்டது.

முறிந்தது வேறிடத்தில். பாலம், சுரங்கம், நிலையம் எல்லாம் அவரவர் எல்லைக்குள் அவரவர் கட்டுவது. ரயில், தண்டவாளம், மின்சாரம், சமிக்ஞை ஆகியவற்றை மட்டும் இரு நாடுகளும் அனைத்துலக ஏலக்குத்தகையில் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் ஒரே நிறுவனம் கவனிக்கும். இதைப் பிரித்துக் கொடுத்தால், வண்டி நடுவழியில் நிற்கும்போது சமிக்ஞைக்காரர் ரயில்காரரைக் கைகாட்டுவார்; அவர் தண்டவாளக்காரரை. போதாக்குறைக்கு, அதே தடத்தில் மலேசிய உள்நாட்டுச் சேவையும் ஓட வேண்டும். எந்த வண்டிக்கு எந்த நேரம் என்பதில் இரு பக்கமும் சாயாத ஒருவர் தேவை.

செலவைக் குறைக்க அந்த நிறுவனமே வேண்டாம் என்றது மலேசியா. சிங்கப்பூர் ஏற்கவில்லை. 2020 டிசம்பர் 31உடன் ஒப்பந்தம் முடிந்தது. சண்டை மட்டும் நீளவில்லை. விலகினால் என்ன தருவது என்பது ஒப்பந்தத்திலேயே இருந்தது. 2018இல் திட்டத்தை ஒத்திவைத்ததற்கு 15 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி, ஒப்பந்தம் முடிந்த பிறகு 102.8 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி என மலேசியா கொடுத்தது.

அதே 2020இல், ஜூலை 30 அன்று, ஜோகூர் பாருவின் புக்கிட் சாகரையும் சிங்கப்பூரின் ஊட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் 4 கிலோமீட்டர் ரயிலுக்குப் பேச்சு கனிந்தது. இங்கும் மலேசியா செலவைக் குறைக்கக் கேட்டது. தன் பங்கை 4.93 பில்லியன் ரிங்கிட்டிலிருந்து 3.716 பில்லியனாகக் குறைத்தும் கொண்டது. எப்படி? சிங்கப்பூர் எம்ஆர்டியின் தாம்சன் – ஈஸ்ட் கோஸ்ட் தடத்தில் உள்ள ரயில் முறைக்குப் பதில் இலகு ரயில். பணிமனை சிங்கப்பூரில் அல்ல, ஜோகூர் வாடி ஹானாவில். ஆனால் பொறுப்பை யாரும் பிரிக்கவில்லை. சிங்கப்பூர் ரயில் நிறுவனமான எஸ்எம்ஆர்டியும் மலேசியப் போக்குவரத்து நிறுவனமான பிரசரானாவும் சேர்ந்த கூட்டு நிறுவனம்தான் ரயில், தண்டவாளம், சமிக்ஞை அத்தனையையும் வாங்கிப் பொருத்தி, ஓட்டிப் பராமரிக்கும். முதல் உரிமக் காலம் 30 ஆண்டு.