பாதி வழியில் மாறும் அளவுகோல்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. கருவியைப் புதுப்பித்தால், அன்றைய படம் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். மூளை ஆராய்ச்சி மையத்தில் அது போதாது; இன்று எடுக்கும் படத்தை, மூன்று ஆண்டுகளுக்கு முன் அதே மனிதரிடம் எடுத்த படத்தோடு ஒப்பிட்டாக வேண்டும்.

சீமென்ஸின் 3 டெஸ்லா காந்த வலிமையுள்ள 'டிரியோ' எம்.ஆர்.ஐ. கருவியைப் பல ஆய்வு மையங்கள் 'பிரிஸ்மா'வாக மாற்றிக்கொண்டன. இதில் பல டன் எடையுள்ள மீக்கடத்திக் காந்தம் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை மைனஸ் 269 டிகிரியில் குளிர்விக்கும் திரவ ஹீலியமும் அப்படியே. சுவரை இடித்துக் கிரேன் வைக்கும் செலவு மிச்சம். ஆனால் காந்தத்தின் உள்ளே அமர்ந்து, காந்தப் புலத்தை இடத்துக்கு இடம் சற்றே மாற்றி, சமிக்ஞை எங்கிருந்து வருகிறது என்று காட்டும் கிரேடியன்ட் சுருளும், ரேடியோ அலை மின்னணுவியலும், கணினிகளும் புதியவை. கிரேடியன்ட்டின் வலிமை மீட்டருக்கு 80 மில்லிடெஸ்லா, அதாவது பழையதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. அதற்கேற்ற மின்சாரமும் குளிர்நீரும் கட்டடத்தில் உண்டா என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும். தலையைச் சுற்றி வைத்துச் சமிக்ஞையைப் பெறும் பழைய தலைச்சுருள்களின் இணைப்பு முனைகள் புதிய மேசையில் பொருந்தா என்பது பலருக்குத் தாமதமாகவே உறைக்கிறது.

இவையெல்லாம் பணத்தால் தீரும். தரவின் சிக்கல் அப்படித் தீராது. புதிய கிரேடியன்ட் சுருள் படத்தின் ஓரங்களை வளைக்கும் விதம் வேறு. ஆகவே மூளையின் மேலடுக்கான புறணியின் தடிமனும் சற்று மாறித் தெரியும். அப்புறணியே சராசரியாக இரண்டரை மில்லிமீட்டர்தான். நோயாளிகளைப் பழைய கருவியிலும் நலமானவர்களைப் புதியதிலும் எடுத்துவிட்டால், தெரிகிற வேறுபாடு நோயால் வந்ததா, கருவியால் வந்ததா என்று எந்தப் புள்ளியியலாலும் பிரித்துச் சொல்ல முடியாது. 2014 முதல் ஒரு லட்சம் பேரைப் படமெடுத்த பிரிட்டனின் 'யூகே பயோபேங்க்' என்ற மருத்துவ ஆய்வுத் திட்டம், எல்லா மையங்களிலும் ஒரே வகைக் கருவியை மாற்றாமல் வைத்துக்கொண்டது இதனால்தான். புதியது கிடைக்கிறது என்பதற்காகவே மாற்றுவதை நான் ஆதரிப்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஆய்வின் ஒரு சுற்று முடியட்டும். அடுத்தது தொடங்குவதற்குள் மாற்றிக்கொள்ளலாம்.

மாற்றுவதென்று முடிவானால், சில தன்னார்வலர்களை முன்னும் பின்னும் அதே முறையில் படமெடுக்க வேண்டும். பெரும்பாலும் அகப்படுவது எங்கள் சக ஊழியர்களின் தலைகள்தான். அகார் கூழ் நிரப்பிய சோதனை உருண்டையையும் பல வாரம் அன்றாடம் எடுத்து, அதன் சமிக்ஞை எவ்வளவு நிலையாக நிற்கிறது என்று குறித்து வைக்கிறோம்.

பொறியாளர்கள் கருவியை ஒப்படைத்த அன்று, படத்தில் இடமும் வலமும் மாறிப்போகவில்லையே என்று பார்க்க நான் முதலில் செய்வது மிக எளிய காரியம். தன்னார்வலரின் வலது நெற்றிப்பொட்டில் ஒரு வைட்டமின் ஈ மாத்திரையை ஒட்டுவேன். அதன் எண்ணெய் படத்தில் வெண்புள்ளியாகத் தெரியும். எங்கள் பகுப்பாய்வு மென்பொருள் அந்தப் புள்ளியை வலப்பக்கம் என்றே சொன்ன பிறகுதான், முதல் ஆய்வுப் பங்கேற்பாளருக்கு நாள் குறிப்போம்.