கார் நிறுத்துமிடத்தில் ஒரு மன்னன், பிரம்மதேசத்தில் ஒரு தண்ணீர்ப்பந்தல்

அவைத்தலைவர் அவர்களே, பினாங்குவாழ் தமிழன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஓர் ஆங்கிலேய மன்னனின் புதைகுழி. தமிழ் மேடையில் இதற்கென்ன வேலை என்று முன்வரிசையில் ஓரிருவர் புருவத்தை உயர்த்துவது தெரிகிறது. சற்றுப் பொறுத்தருள வேண்டும், இன்றைய கெடாவாகிய கடாரத்துக்கு வந்துசேர்ந்துவிடுவேன்.

1485 ஆகஸ்ட் 22ஆம் நாள் பாஸ்வொர்த் களத்தில் மூன்றாம் ரிச்சர்ட் மடிந்தான். அப்போது அவனுக்கு வயது 32. அரியணையில் இருந்தது இரண்டே ஆண்டுகள். இங்கிலாந்து மன்னர்களுள் போர்க்களத்தில் உயிர்விட்ட கடைசி மன்னன் அவன்தான். வென்ற ஹென்றி டியூடர், மாண்டது ரிச்சர்டுதான் என்பதில் ஒருவருக்கும் ஐயம் எழாதபடி, உடலை லெஸ்டர் நகருக்குக் கொண்டுசென்று பலர் பார்க்கக் கிடத்தினான். பின்னர் பிரான்சிஸ்கன் துறவியரின் மடத்துக் கோயிலுக்குள் அவ்வுடல் புதைக்கப்பட்டது. ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து, வென்றவனே பணம் கொடுத்து அங்கே ஒரு கல்லறைச் சின்னமும் எழுப்பினான். 1538இல், எட்டாம் ஹென்றியின் ஆணையால் நாடெங்கும் மடங்கள் கலைக்கப்பட்டபோது, அந்த மடமும் போயிற்று, சின்னமும் போயிற்று.

மன்னன் தொலைந்தது அதற்குப் பிறகுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். எலும்புகளைத் தோண்டியெடுத்துச் சோர் ஆற்றில் எறிந்துவிட்டார்கள் என்று ஒரு கதை கிளம்பியது. வரலாறெழுதிய ஜான் ஸ்பீட் 1611இல் அதை அச்சேற்றிவிட்டார். அதற்கு அடுத்த ஆண்டே, அதே ஊரில், முன்னாள் நகரத் தலைவர் ராபர்ட் ஹெரிக்கின் தோட்டத்தில், மன்னன் கிடக்குமிடம் இதுவே என்று எழுதிய கல்தூண் ஒன்று நின்றதை நேரில் பார்த்தவர் குறித்துவைத்திருக்கிறார். அத்தோட்டம் பழைய மடத்து நிலத்திலேயே இருந்தது. ஆனாலும் ஆற்றுக்கதைதான் வென்றது. 1856இல் ஆற்றுப் பாலத்தருகே, இங்கேதான் மன்னனின் எச்சம் கிடக்கிறது என்று பலகைக்கல்லே பதித்துவிட்டார்கள். கல்லில் வெட்டியதெல்லாம் கல்வெட்டாகிவிடுமா என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய இடம் இது.

இருபத்தோராம் நூற்றாண்டில், ரிச்சர்டின் பெயரால் இயங்கும் சங்கத்தைச் சேர்ந்த பிலிப்பா லாங்லி என்னும் பெண்மணி, பழைய வரைபடங்களையும் ஆவணங்களையும் காட்டி, மடம் இருந்த நிலம் இப்போது நகராட்சி மன்றத்தின் கார் நிறுத்துமிடமாக இருக்கிறது என்று வாதாடி, சங்கத்தாரிடம் பணம் திரட்டி, லெஸ்டர் பல்கலைக்கழகத் தொல்லியலாரை அகழாய்வுக்கு இணங்கவைத்தார். அவர்களுக்கோ மடத்தின் அடித்தளம் கிடைத்தாலே போதும் என்றிருந்தது. மன்னன் கிடைப்பான் என்று அவர்கள் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. 2012 ஆகஸ்ட் 25இல் அந்தத் தார்த்தளத்தை வெட்டினார்கள். முதல் குழியில், முதல் நாளிலேயே, இரண்டு கால்களின் எலும்புகள் வெளிப்பட்டன.

முழுவதும் திறந்தபோது கண்டது நெஞ்சை நெருடும் காட்சி. குழி உடலின் நீளத்துக்குப் போதவில்லை. தலை ஒருபுறம் நிமிர்ந்து, குழியின் ஓரத்தில் முட்டிக்கொண்டு கிடந்தது. பெட்டி இருந்ததற்கு அடையாளமில்லை. அவசரத்தில் இறக்கியிருக்கிறார்கள். பாதங்கள் காணவில்லை, பிற்காலத்தில் யாரோ கடைக்கால் தோண்டியபோது போயிருக்க வேண்டும். இன்னும் சில அங்குலம் தள்ளித் தோண்டியிருந்தால் மண்டையோடும் மிஞ்சியிருக்காது. உடலில் பதினொரு காயங்கள், அவற்றுள் ஒன்பது தலையில். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது. நாடக மேடை அவனுக்கு ஏற்றிய கூன் முதுகு அங்கே இல்லை.

ஆள் அவன்தானா என்பதை எப்படி நிறுவினார்கள்? ரிச்சர்டின் தமக்கை ஆன் வழியாக, மகள், மகளின் மகள் என்று தாய்வழியே இறங்கி வந்த கொடியை ஜான் ஆஷ்டவுன்-ஹில் என்ற ஆய்வாளர் முன்னமே தேடி எழுதிவைத்திருந்தார். அந்தக் கொடியின் நுனியில் நின்றவர் லண்டனில் மேசை நாற்காலி செய்யும் ஒரு தச்சர். தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வரும் மரபணுக்கூறு இருவரிடமும் ஒத்துப்போனது. 2013 பிப்ரவரி 4இல் அறிவித்தார்கள். தந்தைவழிக் கொடியையும் பிறகு சோதித்தார்கள், அது பொருந்தவில்லை. ஐந்நூறு ஆண்டுக் குலவரிசையில் எந்தக் கணவன் எங்கே ஏமாந்தான் என்று யார் கண்டது! யார்க் நகரில்தான் அடக்கம் செய்ய வேண்டும் என்று தூரத்து உறவினர் சிலர் வழக்காடியும், 2015 மார்ச் 26இல் லெஸ்டர் பேராலயத்திலேயே மன்னனை அடக்கம் செய்தார்கள்.

அதே 2013 முடிவதற்குள், வானம் தெளிந்த நாளில் நம் கடற்கரையிலிருந்தே கண்ணுக்குத் தெரியும் ஜெராய் மலையின் அடிவாரத்தில், கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் சண்டி எனப்படும் பழங்கோயில்களுள் பதினோராம் எண்ணுடையது நில மேம்பாட்டு வேலையில் இடிக்கப்பட்ட செய்தி வெளிவந்தது. இங்கிலாந்தில் கார் நிறுத்துமிடத்தைப் பெயர்த்தெடுத்த வரலாற்றை உலகுக்கு அறிவித்த ஆண்டில் நாம் செய்தது இது. மேற்கொண்டு சொல்ல எனக்கு மனமில்லை.

இனிக் கடாரத்தின் பெயரால் நாம் கொண்டாடும் மன்னனுக்கு வருவோம். சோழர்கள் தம் மன்னர்க்குப் பள்ளிப்படை, அதாவது மாண்டவர் நினைவாக எழுப்பும் சமாதிக் கோயில், எடுத்தவர்கள். ஆதித்த சோழனுக்குத் தொண்டைமானாற்றூரில் மகன் பராந்தகன் எடுத்தான். அரிஞ்சயனுக்கு மேல்பாடியில் பேரன் இராசராசன் எடுத்தான். அந்த இராசராசனின் பள்ளிப்படை கும்பகோணத்தை அடுத்த உடையாளூரில் இருக்கிறது என்பார்கள். நிலத்தில் சாய்ந்து கிடக்கும் இலிங்கத்தைக் காட்டுவார்கள். இராசராசனின் பட்டப்பெயரான சிவபாதசேகரன் என்ற பெயர் வரும் பிற்காலக் கல்வெட்டையும் காட்டுவார்கள். வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று. என் மனத்தில் பட்டதைச் சொன்னால், கல்வெட்டு ஒரு மாளிகையைப் பேசுகிறது. சமாதி என்று முடிவு கட்டிய அவசரம் நம்முடையது. ஸ்பீட் செய்த பிழையை நாம் மறுபக்கமாகச் செய்கிறோம்: அவர் இருந்த மன்னனை ஆற்றில் போட்டார், நாம் தோண்டாத மண்ணில் மன்னனை வைக்கிறோம்.

1025இல் கடாரம் கொண்ட இராசேந்திரனுக்கு இதைவிட உறுதியான சான்று இருக்கிறது. 1044இல் அவன் மறைந்தபோது தேவி வீரமாதேவியும் உடன் உயிர்நீத்தாள். செய்யாற்றை அடுத்த பிரம்மதேசத்துக் கோயிலில், அவன் மகன் இராசாதிராசன் காலத்துக் கல்வெட்டு இதைச் சொல்கிறது. தேவியின் உடன்பிறந்தான், சேனாபதி மதுராந்தகன் என்னும் பரகேசரி வேளான், மாண்ட இருவரின் தாகம் தணியத் தண்ணீர்ப்பந்தல் நடத்த நிலம் கொடுத்தான். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை வழியெங்கும் பந்தல் போடும் இந்த ஊராருக்கு அந்தச் சொல்லை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கல்வெட்டின் செய்தியைப் பெரிய எழுத்தில் எழுதி வாயிலருகே மேசைமேல் வைத்திருக்கிறேன். தேநீருக்குப் போகும்போது நின்று படித்துவிட்டுப் போங்கள்.