ஸ்காட்லாந்துக் கோட்டைகளை இடித்தது யார்?

அனைவருக்கும் வணக்கம். ஸ்காட்லாந்தின் கோட்டைகளைப் போய்ப் பார்ப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். விசா, விமான டிக்கெட் விவரமெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். அங்கே ஓர் இடிந்த சுவரின் முன்னால் நிற்கும்போது கேட்டுக்கொள்ள வேண்டிய ஒரு கேள்வியை மட்டும் சொல்கிறேன்: இதை இடித்தது யார்?

காலம்தான் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அது பெரும்பாலும் வீண்பழி. லாக் நெஸ் ஏரிக்கரையில் அர்க்கார்ட் கோட்டை இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் கதைகளில் வரும் ஏரி ராட்சத விலங்கு தலையை நீட்டுமா என்று தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் நுழைவாயில் பக்கம் பாருங்கள். கல்லும் சுண்ணாம்புமாகப் பெரிய சுவர்த்துண்டு ஒன்று அப்படியே கிடக்கும். 1692-ல் அங்கே காவலிருந்த அரசுப் படை கிளம்பும்போது வைத்த வெடியின் வேலை அது. பதவி இழந்த மன்னர் ஜேம்ஸின் ஆதரவாளர்கள், அதாவது ஜேக்கபைட்டுகள், உள்ளே புகுந்துவிடக் கூடாதாம். அப்புறம் மிச்சமிருந்த கல்லையும் ஈயத்தையும் ஊர்க்காரர்கள் பெயர்த்துக்கொண்டு போனார்கள்.

இந்தப் பழக்கம் அங்கே பழசு. ராபர்ட் புரூஸ் மன்னர் 1314-ல் எடின்பரோ, ஸ்டெர்லிங் கோட்டைகளை ஆங்கிலேயரிடமிருந்து மீட்டார். மீட்ட கையோடு இடிக்கவும் சொல்லிவிட்டார். கோட்டை நின்றால் எதிரி திரும்பவும் பிடித்து உட்கார்ந்துகொள்வான், இல்லாவிட்டால் எங்கே உட்காருவான்? கணக்கு சரிதான்.

காலண்டரிலும் பிஸ்கட் டப்பாவிலும் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய கோட்டை ஐலன் டோனன். 1719-ல் ஜேக்கபைட்டுகளுக்குத் துணையாக வந்த ஸ்பானிய வீரர்கள் அதில் தங்கியிருந்தார்கள். பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் வந்து பீரங்கியால் அடித்தன. பிறகு உள்ளே சேர்த்து வைத்திருந்த வெடிமருந்தை வைத்தே கோட்டையைத் தகர்த்தார்கள். சுமார் 200 ஆண்டுகள் அது வெறும் கற்குவியல். இன்று நாம் போட்டோ எடுக்கும் கோட்டை 1932-ல் கட்டி முடிக்கப்பட்டது. படத்தில் அவ்வளவு அழகாக விழுகிற அந்தக் கல்பாலமும் அப்போது வந்ததுதான். போகாதீர்கள் என்று சொல்லவில்லை, தெரிந்துகொண்டு போங்கள்.

சரி, யாரும் இடிக்காத இடம் எப்படி இருக்கும்? அதற்கு வடக்கே கடல் தாண்டி ஆர்க்னி தீவுகளுக்குப் போக வேண்டும். என்னைக் கேட்டால், மற்றதையெல்லாம் விட்டாலும் இதை விடக் கூடாது. 1850-ல் ஒரு புயல் கரையோர மணல்மேட்டைக் கிழித்தபோது உள்ளேயிருந்து வீடுகள் எட்டிப்பார்த்தன. ஸ்காரா பிரே என்ற அந்தச் சிற்றூருக்கு வயது சுமார் 5,000. எகிப்தின் பெரிய பிரமிடைவிட மூத்தது. வீட்டின் நடுவில் அடுப்பு, இரு பக்கமும் கல் கட்டில், வாசலுக்கு நேர் எதிரே இரண்டு தட்டு வைத்த கல் அலமாரி. கதவுக்குத் தாழ்ப்பாள் போட சுவரில் துளைகூட இருக்கிறது! ஆர்க்னியில் நல்ல மரம் கிடைப்பது அபூர்வம். அதனால் கட்டில் முதல் அலமாரி வரை கல்லிலேயே செய்தார்கள், அதனால்தான் அவை நமக்குக் கிடைத்தன. மணல் மூடிக் காத்தது. அசல் வீடுகளுக்குள் இறங்க விடமாட்டார்கள், மேலே உள்ள பாதையிலிருந்துதான் பார்க்க வேண்டும். பக்கத்தில் மாதிரி வீடு ஒன்று கட்டி வைத்திருக்கிறார்கள், அதற்குள் நுழைந்து பார்க்கலாம்.

அருகிலேயே மேஸ்ஹவ் என்ற கற்காலக் கல்லறை. குனிந்துதான் உள்ளே போக முடியும். 12-ஆம் நூற்றாண்டில் நார்ஸ்காரர்கள், அதாவது ஸ்காண்டிநேவிய வழிவந்தவர்கள், உள்ளே புகுந்து சுவரெல்லாம் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். பெண்களிலேயே அழகி இங்கிகெர்த்தான் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நம்மூர் மலைக்கோயில் பாறைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்காரா பிரேயை வெளியே காட்டிய அதே கடல் 1924-ல் ஒரு வீட்டின் ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு தடுப்புச் சுவர் கட்டினார்கள். சுவர் இன்றும் நிற்கிறது, ஆனால் அதன் இரு ஓரங்களிலும் கரை அரிக்கிறது. ஆகவே பட்டியலில் கோட்டைகளைப் பின்னால் தள்ளி, ஆர்க்னியை முதலில் வையுங்கள்.